தேர்வில் வந்த மாமனார் பெயர்

அன்றைக்குப் பனி எப்போது தொடங்கியது என்பதில் எனக்கே உறுதியில்லை. நடுச்சாமத்தில் என்று உல்கான் சொல்கிறாள். விடியும்போது வானம் தெளிவாகத்தான் இருந்தது, கெட்டில் கொதிக்கும் நேரத்தில்தான் கொட்டத் தொடங்கியது என்று அவள் மாமியார் அடித்துச் சொல்கிறார். நான் இருவரிடமும் வெவ்வேறு நாட்களில் கேட்டவன். எது அவர்கள் நினைவு, எது நானாகச் சேர்த்துக்கொண்டது என்று இப்போது பிரித்துச் சொல்ல வராது. கணவாய் மூடிவிட்டது என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்.

போன வாரப் பகுதியில் உல்கானை மாட்டுக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்தோம். கையில் நீல அட்டைப் பாடப்புத்தகம். எதிரே வற்றிப்போன பசு. அடுத்த மாதம் கன்று ஈனப்போகும் அந்தப் பசுவிடம் அவள் மூன்று பெயர்களைச் சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். இப்ராயிம். மூசா. ஈசா.

பசுவிடம் சொல்லலாம். வீட்டுக்குள் சொல்ல முடியாது. இப்ராயிம் அவளுடைய மாமனார். மூசாவும் ஈசாவும் கணவனின் அண்ணன்மார். மருமகளாக வந்தவள் அந்தப் பெயர்களை வாயில் எடுப்பதில்லை. பதினெட்டு வருடத்தில் ஒரு முறைகூட அவள் எடுத்ததில்லை. பாஸ்போர்ட் அலுவலகத்தில் மாமனார் பெயர் கேட்டபோதுகூடக் காகிதத்தில் எழுதிக் காட்டிவிட்டு வந்தவள்.

நீலப் புத்தகத்தில் இரண்டு பகுதிகள். முதலாவது சமூக ஏற்றத்தாழ்வு. இரண்டாவது உலக சமயங்கள். இரண்டும் முடிந்தால் சான்றிதழ். அது கையில் இருந்தால்தான் பாலர் பள்ளியில் வேலை. பதினோரு வருடமாக அங்கே மூக்குத் துடைத்து, கஞ்சி ஊட்டி, ஆசிரியை வராத நாளெல்லாம் பாடமும் நடத்தியவள். சம்பளப் பட்டியலில் மட்டும் உதவியாள். மார்ச் முதல் தேதிக்குள் சான்றிதழ் வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார்.

காலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் செய்தி வந்தது. கிசில்-பெல் கணவாய் மூடியிருப்பதால் நாரின் நகரத் தேர்வு மையத்துக்கு வர முடியாதவர்களுக்குக் காணொளி அழைப்பில் வாய்மொழித் தேர்வு. பதினோரு மணி. தவறுபவர்களின் பெயர் நீக்கப்படும்.

உல்கான் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு அடுப்பில் வறட்டியைத் தள்ளினாள். கணவன் ஜுசுப் இரண்டு மலைக்கு அப்பால், குளிர்காலப் பட்டியில், ஆடுகளோடு இருந்தான். அங்கே டவர் கிடையாது. மகள் நாரினில் விடுதியில். கேட்க யாரும் இல்லை.

"என்ன, மூஞ்சி மாவு மாதிரி ஆயிடுச்சு?" என்றார் மாமியார் பர்மாகான், உல்கானுக்கு அபா. போர்சோக் பொரிக்க மாவைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"தேர்வு போன்லயாம், அபா. பதினோரு மணிக்கு."

"நல்லதாப் போச்சு. பஸ் காசு மிச்சம்."

"டவர் கிடைக்கணுமே."

மாமியாரின் கை அப்போது நின்றது. இந்த வீட்டில் டவர் எங்கே கிடைக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். பெரிய அறையில், வாசலுக்கு நேர் எதிரே, தெற்கு ஜன்னலுக்குக் கீழே. அங்கே இரண்டு மெத்தை அடுக்கி அதன் மேல் மாமனார் உட்காருவார். தோர் என்று பெயர் அந்த இடத்துக்கு. விருந்தாளி வந்தால் அவர்களில் மூத்தவருக்குக் கொடுப்பார். மற்றபடி அவருடையது. உல்கானின் இடம் வாசல் ஓரம், டீ கொதிக்கும் சமோவார் பக்கத்தில். எழுந்து போக வசதியாக.

"ஓ," என்றார் பர்மாகான். "நீ தோர்ல உக்காந்து படிச்சுச் சொல்லு. உன் மாமனார் கூரை மேல ஏறி உக்காரட்டும்."

உல்கான் பதில் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவள் கற்றுக்கொண்டதில் பெரியது அது.

"மூணு வருஷமா பாக்கறேன். ஊர்ல இருக்கற எல்லாரோட சாமியையும் மனப்பாடம் பண்ற. அந்த மொட்டைத் தலை ராஜா பையன் கதையை மாட்டுக்கிட்ட சொல்லிட்டு இருந்தியே, போன வாரம். பொண்டாட்டி தூங்கும்போது வீட்டை விட்டுப் போனவன். அவன் கதை நமக்கு எதுக்கு?"

"நீங்க கேட்டுட்டா இருந்தீங்க?"

"சாணி அள்ள வந்தேன்." மாமியார் மாவை அழுத்தி வெட்டினார். "அப்புறம் அந்தப் பொண்டாட்டி என்ன ஆனா?"

"புத்தகத்துல அவ்வளவா இல்ல, அபா."

"இருக்காது."

பதினோரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது உல்கான் புத்தகத்தோடும் தொலைபேசியோடும் பெரிய அறை வாசலில் வந்து நின்றாள். மாமனார் கண்ணாடி போட்டுக்கொண்டு பழைய செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயது. அளந்து பேசுகிறவர். அவள் நிற்பதைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். தாளை மடித்தார். பிறகு மேல் மெத்தையிலிருந்து இறங்கிப் பக்கத்துச் சுவரோரம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"வா, கெலின். உக்காரு."

மருமகளை அப்படித்தான் அவர் கூப்பிடுவார். உல்கான் மெத்தையின் நுனியில், ஒரு கால் தரையில் ஊன்றியபடி உட்கார்ந்தாள்.

"நல்லா உக்காரு. குதிரை மேலயா இருக்க, இறங்கி ஓட?"

அவள் நகர்ந்து உட்கார்ந்தாள். மெத்தை அவர் உடம்புச் சூட்டில் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அங்கிருந்து பார்த்தால் வாசல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சமோவார் பக்கத்தில் மாமியார் கம்பளி நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இவள் அங்கே உட்காரும்போது இவர்களுக்கு இவ்வளவு சின்னதாகவா தெரிந்திருப்பாள்?

முதல் பாகத்தைப் படித்தபோது நடந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஏற்றத்தாழ்வு என்றால் தலைநகரத்துப் பணக்காரர்களைப் பற்றி எழுதியிருப்பார்கள் என்று நினைத்துத் திறந்தாள். உள்ளே ஒரு பட்டியல். யார் எங்கே உட்காருகிறார்கள், யார் முதலில் சாப்பிடுகிறார்கள், யார் பேசும்போது யார் எழுந்து நிற்கிறார்கள், யாரை யார் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். இவள் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டுப் போய் எழுதியது மாதிரி இருந்தது. அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். கோபம் என்று சொல்ல முடியாது. மகள் ஜிபாருக்கு நாலு வயதில் காய்ச்சல் வந்தபோது இந்த மாமனார்தான் இடுப்பளவு பனியில் அவளை முதுகில் கட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு நடந்தார். அதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று அந்தப் புத்தகத்தில் இல்லை.

அழைப்பு வந்தது.

விரிவுரையாளர் இளைஞர். தலைநகரத்தில் பிறந்து வளர்ந்தவர், போன செப்டம்பரில்தான் நாரினுக்கு மாற்றலாகி வந்திருந்தார். திரையில் அவர் முகம் கட்டம் கட்டமாக உடைந்து சேர்ந்தது. தன்னைவிட மூத்தவளை அவர் எஜே, அதாவது அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

"உல்கான் எஜே, வணக்கம். இது பதிவாகுது. தேர்வுக் கமிஷன் அப்புறம் கேட்பாங்க. அதனால எல்லாத்தையும் வாயால தெளிவாச் சொல்லுங்க. பக்கத்துல யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. ரெண்டு கேள்விதான்."

"சரிங்க, ஆசிரியரே."

"முதல் கேள்வி, உலக சமயங்கள் பகுதியிலிருந்து. ஒரே வேரிலிருந்து கிளைத்த மூன்று சமயங்கள் எவை? அவற்றின் முதன்மையான நபர்களை வரிசையாகப் பெயர் சொல்லி விளக்குங்க."

உல்கான் கண்ணை மூடித் திறந்தாள். எல்லாம் தெரிந்த கேள்வி. சமயங்கள் மூன்றையும் சொன்னாள். எது முந்தியது, எது பிந்தியது, எந்த நூல் எந்த வருஷம் யாருக்கு என்றெல்லாம் சொன்னாள்.

"நல்லது. இப்ப நபர்கள்."

"முதல்ல... பெரியவர். அப்பாவோட சிலைகளை உடைச்சவர். மகனைப் பலி கொடுக்கக் கூட்டிட்டுப் போனவர்."

"ஆமா. பெயர்?"

"மூணு சமயத்துக்கும் தகப்பன் மாதிரி அவர்தான்."

"அது சரி, எஜே. அவர் பெயர்?"

மாமியாரின் விரலில் நூல் இறுகியிருந்தது. மாமனார் ஜன்னலுக்கு வெளியே விழும் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்தவர்," என்றாள் உல்கான், "கைத்தடியால கடலைப் பிளந்தவர். மலை மேல கட்டளை வாங்கினவர். அதுக்கடுத்தவர் மரியம் மகன்."

"எஜே, நீங்க படிச்சிருக்கீங்கன்னு எனக்குப் புரியுது. பெயர் சொன்னாத்தான் மதிப்பெண் போட முடியும்."

"எழுதி அனுப்பட்டுமா?"

"வாய்மொழித் தேர்வாச்சே. கமிஷனுக்குக் குரல் மட்டும்தான் போகும்."

அவள் வாயைத் திறந்தாள். பசுவிடம் நாற்பது தடவை சொன்ன பெயர் தொண்டைவரைக்கும் வந்தது. ஒரு முழம் தள்ளி அந்தப் பெயருக்கு உரியவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய கம்பளிக் காலுறையில் அவள் தைத்த ஒட்டு தெரிந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

மாமனார் தொண்டையைச் செருமினார். "தம்பி, அவமேல தப்பு இல்ல. முதல் பேரு என்னோடது. மத்த ரெண்டும் என் பசங்களோடது. எங்க வீட்டு மருமக எப்படிச் சொல்லுவா?"

திரையில் இளைஞர் விழித்தார். அப்புறம் அவருக்குப் புரிந்தது. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அத்தா, மன்னிச்சுக்குங்க. இதெல்லாம் பழைய காலத்தோட போயிடுச்சுன்னு நினைச்சேன். ஆனா இது பதிவாகுது. இன்னொரு தடவை வேற குரல் வந்தா தேர்வே ரத்து. எஜே, உங்களுக்கு ரெண்டு நிமிஷம் தரேன்."

ரெண்டு நிமிடம். அடுப்பில் வறட்டி ஒன்று சரிந்தது.

பிறகு மாமனார் கையூன்றி எழுந்தார். ஆணியில் தொங்கிய மேலங்கியை எடுத்தார், தொப்பியை எடுத்தார். உல்கானின் பக்கம் திரும்பவில்லை. வாசலில் கம்பளிப் பூட்சுக்குள் கால்களை மெதுவாக நுழைத்து, கதவைத் திறந்து, பனிக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. ஜன்னல் வழியே உல்கான் பார்த்தாள். அவர் முற்றத்தைக் கடந்து, வெளிக்கதவு வரைக்கும் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

மிச்சம் இருந்தது மாமியார். கணவர் பெயரை அவரும் ஐம்பத்து நாலு வருடமாகச் சொன்னதில்லை. மூத்த பையனின் அப்பா என்றுதான் சொல்வார். உல்கான் அவரைப் பார்த்தாள். அவர் உல்கானைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அனுமதியும் இல்லை, மறுப்பும் இல்லை என்று உல்கான் பின்னால் என்னிடம் சொன்னாள். ஒரு கணக்கு மாதிரி ஏதோ ஓடியதாம்.

பர்மாகான் நூலைக் கீழே வைத்தார். எழுந்து வாசலை ஒட்டிய சமையலறைக்குப் போனார். அங்கே மேசையில் பாலிலிருந்து கிரீம் பிரிக்கும் எந்திரம் திருகி வைத்திருந்தது. கைப்பிடியைப் பிடித்துச் சுற்றத் தொடங்கினார். முதலில் கடகடவென்ற சத்தம். வேகம் கூடக் கூட அது ஊளையிட்டது. வீடு முழுக்க நிறைந்தது.

பசு வற்றி ஒரு மாதமாகிறது. வீட்டில் ஒரு சொட்டுப் பால் கிடையாது. மாமியார் வெறும் எந்திரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எஜே, என்ன சத்தம் அது?"

"எங்க அபா பால் பிரிக்கிறாங்க."

"கேக்கல. என்ன?"

"பால்!"

"சரி, சரி. சத்தமாச் சொல்லுங்க. பதிவுல விழணும்."

உல்கான் தொலைபேசியை வாயருகே கொண்டுவந்தாள். தன் காதில் விழக்கூடாது என்று மாமியார் எழுப்பிய சத்தத்தை மீறி, கமிஷன் காதில் விழும்படி சொல்லியாக வேண்டும்.

"இப்ராயிம்," என்றாள்.

"கேக்கல, எஜே."

"இப்ராயிம்." இந்தத் தடவை கத்தினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "மூசா. ஈசா."

அதற்கப்புறம் கடைசி நபியின் பெயரை வாழ்த்தோடு சேர்த்துச் சொன்னாள். அது யாருக்கும் தடையில்லாத பெயர். ஆனால் முதல் மூன்றையும் கத்திய மூச்சில் அதையும் கத்தித்தான் சொன்னாள்.

வெளியே, எதிர் வீட்டுக் கூரையில் பனி தள்ளிக்கொண்டிருந்த சத்தார் மண்வாரியை நிறுத்தினார். இந்தப் பகுதி எனக்குச் சத்தார் சொல்லித் தெரியும்.

"யோவ், உன்னை யாரோ உள்ளேருந்து பேர் சொல்லிக் கூப்பிடறாங்க," என்றார் மாமனாரிடம்.

மாமனார் தொப்பியிலிருந்து பனியைத் தட்டினார். "தேர்வுக்குக் கூப்பிடறாங்க."

"உன்னையா? இந்த வயசுலயா?"

"ஆமா. நான்தான் முதல் கேள்வி."

உள்ளே எந்திரம் மெல்ல மெல்ல வேகம் குறைந்து நின்றது. மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி நூலை எடுத்தார்.

"இரண்டாவது கேள்வி," என்றார் விரிவுரையாளர். அவருக்குமே குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "சமூக ஏற்றத்தாழ்வு என்றால் என்ன? சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு உதாரணத்தோடு."

உல்கான் வரையறையைச் சொன்னாள். சமூகம் மதிப்புள்ளதாக நினைக்கும் எதுவும் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்காமல் இருப்பது. பணம், அதிகாரம், மரியாதை. பிறப்பால் வரும் இடம், உழைப்பால் வரும் இடம். வரிக்கு வரி ஒப்பித்தாள்.

"உதாரணம்?"

அப்போது கதவு திறந்தது. மாமனார் உள்ளே வந்தார். புருவத்தில்கூடப் பனி. தோரில் மருமகள் இன்னும் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். சத்தம் வராமல் பூட்சைக் கழற்றினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வாசல் ஓரத்தில், சமோவார் பக்கத்தில், உல்கானின் சின்ன விரிப்பில் உட்கார்ந்துகொண்டார். மாமியார் ஒரு கிண்ணத்தில் டீ ஊற்றி நீட்டினார். அவர் அதை அங்கேயே உட்கார்ந்து, இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

உல்கானுக்கு உதாரணம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. தயாரித்து வைத்திருந்தது சுரங்கத் தொழிலாளியும் முதலாளியும் பற்றியது. அது எங்கேயோ போய்விட்டது.

"எஜே?"

"எங்க வீட்டுல," என்றாள், "வாசல் பக்கம் உக்கார்றது நான். பதினெட்டு வருஷமா. அங்கதான் காத்து வரும். எல்லாரும் சாப்பிட்டு எழுந்திரிச்சப்புறம் என் டீ ஆறிப்போயிருக்கும். யாரும் என்னை அங்க தள்ளல. வந்த அன்னைக்கே அது என் இடம்னு எனக்கே தெரியும்." நிறுத்தினாள். "இன்னைக்கு ஒரு நாள் மாறி உக்காந்திருக்கோம். போனுக்கு டவர் இங்கதான் கிடைக்குதுன்னு. நாளைக்கு நான் மறுபடியும் வாசல்லதான் உக்காருவேன். ஆனா மாறி உக்கார முடியும்னு நாங்க மூணு பேரும் பாத்துட்டோம். இது உதாரணமாகுமா, தெரியல."

விரிவுரையாளர் பேனாவை மேசையில் உருட்டும் சத்தம் கேட்டது.

"புத்தகத்துல இது இல்ல," என்றார்.

"இல்லீங்க."

"நான் அஞ்சுக்கு நாலு போடறேன், எஜே. அஞ்சு போட்டிருப்பேன். நூல்களோட வருஷம் ரெண்டு தப்பாச் சொல்லிட்டீங்க. கமிஷன் கேட்டுட்டு வெள்ளிக்கிழமை முடிவு சொல்லும். நடுவுல ஒரு குரல் வந்ததுக்கு நான் விளக்கம் எழுதிடறேன்."

திரை அணைந்தது. உல்கான் எழுந்தாள். மாமனார் எழுந்து இடம் மாறுவார் என்று நின்றாள். அவர் எழவில்லை. டீயை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். அவளைக் கடந்து போகும்போது, "இங்க காத்து நிஜமாவே வருது. கதவுக்குக் கீழ கம்பளி வெச்சு அடிக்கணும்," என்றார்.

மாலையில் இரண்டு பெண்களும் போர்சோக் பொரித்தார்கள்.

"நான் ஒண்ணும் கேக்கல," என்றார் பர்மாகான், சட்டியைப் பார்த்தபடி. "எந்திரம் ஓடிட்டு இருந்துச்சு."

"தெரியும், அபா."

"தெருவே கேட்டுச்சுன்னு சத்தார் பொண்டாட்டி வந்து சொல்லிட்டுப் போறா. நான் என்ன பண்ண முடியும்?" கரண்டியால் நாலைந்து உருண்டைகளைத் திருப்பிவிட்டார். "அந்தப் பெரியவருக்கு, முதல் கேள்வில வந்தவருக்கு, ரெண்டு பொண்டாட்டி இல்ல? ஒருத்தியைக் கைக்குழந்தையோட பாலைவனத்துல விட்டுட்டு வந்தாரே. அவங்க பேரெல்லாம் உன் புத்தகத்துல போட்டிருக்கா?"

உல்கான் கை துடைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தாள். அடுப்பு வெளிச்சத்தில் அந்தப் பக்கத்தைத் தேடினாள். விரலை வரிக்கு வரி ஓட்டினாள். மாமியார் காத்திருந்தார்.

"இல்ல, அபா."

"எனக்குத் தெரியும் அவங்க பேரு," என்றார் பர்மாகான். "ஓரத்துல எழுதிக்க. பென்சில் எடு."

அந்த வாரம் முடியும்போது நிலவரம் இது. உல்கான் நாலு மதிப்பெண்ணில் தேறினாள். ஆனால் சான்றிதழ் அச்சாகி வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். மார்ச் முதல் தேதிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. மாமனாருக்குச் சளி பிடித்து இரண்டு நாள் படுத்திருந்தார். எழுந்ததும் கதவுக்குக் கீழே கம்பளி அடித்தார். மாமியார் எந்திரத்தைக் கழுவித் துணி போர்த்தி வைத்தார். ஜுசுப்புக்கு இன்னும் எதுவும் தெரியாது. சத்தார் தன் அலைபேசியில் நாரினில் இருக்கும் மூத்தவர் மூசாவைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டு மருமகள் உங்கள் பெயரைத் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள் என்று சொல்லியிருந்தார். கணவாய் திறந்ததும் நேரில் வருகிறேன் என்று மூசா சொன்னாராம். சனிக்கிழமை மத்தியானம் கணவாய் திறந்தது.